பென் டிரைவில் டெயில்ஸ்: வேலூர் வட்டாரப் புதியவர்களுக்கான வழிகாட்டி

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் ஒன்றில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர், டாக்டர் காலையில் சொன்ன நோயின் பெயரை இரவில் லாட்ஜ் வைஃபை வழியாகத் தேடிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்தத் தளத்துக்குப் போனார் என்பது லாட்ஜின் ரவுட்டரை நிர்வகிப்பவருக்கும் இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கும் தெரியக்கூடும். தளம் ஹெச்டிடிபிஎஸ் முறையில் (தகவலை இடையில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து அனுப்பும் முறை) இயங்குமானால், அதற்குள் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது. தேடுபொறி நிறுவனத்துக்கோ தேடிய சொல்லே தெரியும். அவர் தம் கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால் தேடியவர் யார் என்பதும் தெரியும். தளத்தில் விளம்பர நிறுவனங்களின் நிரல்கள் இருந்தால் அவையும் அந்த வருகையைக் குறித்துக்கொள்ளும். ஒரே தேடலை இத்தனை தரப்பினர் இத்தனை விதமாகப் பார்க்கிறார்கள், ஒவ்வொருவரையும் தடுக்கும் கருவியும் வெவ்வேறாக இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒருசேர மறைத்துவிடும் மென்பொருளைத் தேடுபவர்தான் பெரும்பாலும் பொருந்தாத கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்.

யாரிடமிருந்து மறைக்க வேண்டும்?

விளம்பரத் தொல்லையும் பின்தொடர்தலும் மட்டுமே உங்கள் கவலை என்றால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச நீட்சியை (பிரவுசரோடு சேரும் கூடுதல் நிரல்) சேர்த்துக்கொண்டு, தேவையில்லாத கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டால் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்துவிடும். பிரவுசரில் உள்ள பிரைவேட் விண்டோ அல்லது இன்காக்னிட்டோ என்ற வசதி, அந்தக் கணினியில் உலாவல் வரலாற்றைச் சேமிக்காமல் விடுகிறதே ஒழிய, வைஃபைக்காரரிடமிருந்தோ இணைப்பு நிறுவனத்திடமிருந்தோ எதையும் மறைப்பதில்லை.

இணைப்பு கொடுப்பவருக்கு நீங்கள் போகும் இடமும், போகும் தளத்துக்கு நீங்கள் வரும் இடமும் தெரியக்கூடாது என்றால், தகவலைப் பல சர்வர்கள் வழியாகச் சுற்றி அனுப்பும் டோர் பிரவுசர் வேண்டும். அதற்கு மேல், பயன்படுத்திய கணினியிலும் தடயம் தங்கக்கூடாது என்றால்தான், பென் டிரைவிலிருந்தே இயங்கும் டெயில்ஸ் என்ற இயங்குதளம் வேண்டும். அப்படிப்பட்ட தேவை நம் பகுதியில் யாருக்கு வரும் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் கலப்பது குறித்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. இன்று ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், இரவில் சுத்திகரிக்காத நீர் திறந்துவிடப்படுவதைப் பார்த்து, அதைப் படமெடுத்து ஒரு பத்திரிகையாளருக்கு அனுப்ப நினைத்தால், அவருடைய வேலையும் குடும்பத்தின் வருமானமும் அந்தப் படம் யாரிடமிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியில் தொங்குகின்றன. கட்டுரை முழுவதும் இந்தத் தொழிலாளியை மனத்தில் வைத்தே படிகளை விளக்குகிறேன்.

விபிஎன் ஏன் போதாது

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அதை வாங்கினால் இணைப்பு நிறுவனத்தின் பார்வை விலகும். ஆனால் அந்தப் பார்வை முழுவதும் விபிஎன் நிறுவனத்திடம் போய்ச் சேரும். இந்தியாவில் இது வெறும் நம்பிக்கைப் பிரச்சினை அல்ல. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) போன்ற விவரங்களை 5 ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். இதை ஏற்க விரும்பாத எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. தவிர, உங்கள் யூபிஐ கணக்கிலிருந்து சந்தா கட்டி வாங்கிய விபிஎன்னுக்கு நீங்கள் யார் என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. பொது வைஃபையில் பாதுகாப்புக்காக விபிஎன் பயன்படுத்துவதில் தவறில்லை. அதை அநாமதேயம் என்று எண்ணிக்கொள்வதுதான் தவறு.

டோர் எப்படி இயங்குகிறது

டோர் முறையின் அடிப்படை 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது. பொதுமக்களுக்கான மென்பொருள் 2002-இல் வெளிவந்தது. 2006 முதல் டோர் புராஜெக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. உலகெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்களிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வழியாக உங்கள் தகவலை அது அனுப்புகிறது. முதல் சர்வருக்கு உங்கள் ஐபி முகவரி தெரியும், நீங்கள் போகும் தளம் தெரியாது. கடைசி சர்வருக்குத் தளம் தெரியும், நீங்கள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. மூன்று அடுக்குகளாகக் குறியாக்கம் செய்யப்பட்ட தகவலை ஒவ்வொரு சர்வரும் ஓர் அடுக்கு மட்டும் பிரித்து அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது.

கடைசி சர்வரிலிருந்து தளம் வரையிலான தூரத்துக்கு டோரின் குறியாக்கம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் உங்களைக் காப்பது ஹெச்டிடிபிஎஸ் ஒன்றே. 2007-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் தாமே சில வெளியேறு சர்வர்களை, அதாவது அந்தக் கடைசி சர்வர்களை, நடத்தி, குறியாக்கம் இல்லாமல் கடந்துபோன மின்னஞ்சல் கடவுச்சொற்களைச் சேகரித்து வெளியிட்டார். அந்தப் பட்டியலில் பல நாட்டுத் தூதரகங்களின் கணக்குகள் இருந்தன, இந்திய அரசு சார்ந்த கணக்குகளும் அவற்றில் அடங்கும். அந்தக் கணக்குகளில் டோர் வழியாக நுழைந்தவர்கள், டோர் எதைச் செய்யாது என்பதைக் கவனிக்கவில்லை. இப்போதைய டோர் பிரவுசர் ஹெச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தைத் திறக்கும்முன் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தட்டிவிட்டு மேலே போகாதீர்கள்.

முதல் படி: டோர் பிரவுசர்

டெயில்ஸுக்குப் போகும்முன் சில நாட்கள் டோர் பிரவுசரை மட்டும் உங்கள் வழக்கமான கணினியிலோ ஆண்ட்ராய்டு போனிலோ பயன்படுத்திப் பழகுங்கள். டோர் புராஜெக்டின் சொந்தத் தளத்திலிருந்தோ பிளே ஸ்டோரில் அதே அமைப்பின் பெயரில் இருப்பதையோ மட்டும் எடுக்க வேண்டும்; பெயரில் டோர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு உலவும் வேறு செயலிகள் ஏராளம். ஐபோனில் ஆனியன் பிரவுசர் என்ற செயலி இருக்கிறது, ஆப்பிளின் கட்டுப்பாடுகளால் அதன் பாதுகாப்பு ஒரு படி குறைவானது.

பழகும்போது மூன்று விஷயங்கள் கண்ணில் படும். பக்கங்கள் மெதுவாகத் திறக்கும். பல தளங்கள் நீங்கள் மனிதர்தானா என்று திரும்பத் திரும்பச் சோதிக்கும். அரசுத் தளங்கள் சில, வெளிநாட்டு ஐபியை ஏற்காததால் திறக்கவே திறக்காது. வங்கிக் கணக்கையும் மின்கட்டணத்தையும் டோர் வழியாகப் பார்க்க முயலாதீர்கள். அங்கே நீங்கள் யார் என்பது ஏற்கெனவே தெரிந்ததே; திடீரென ஜெர்மனியிலிருந்து நுழைவதாகத் தோன்றினால் வங்கி கணக்கை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. டோர் பிரவுசரில் புதிதாக எந்த நீட்சியையும் சேர்க்கவும் கூடாது. அதைப் பயன்படுத்தும் எல்லோரும் தளத்தின் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் வடிவமைப்பு. நீங்கள் சேர்க்கும் நீட்சி உங்களைக் கூட்டத்திலிருந்து தனித்துக் காட்டும்.

கேடயம் போன்ற சின்னத்தை அழுத்தினால் பாதுகாப்பு நிலைகள் மூன்று தெரியும். அறிமுகமில்லாத தளங்களுக்குப் போகும்போது நடு நிலைக்கு உயர்த்திக்கொள்வது நல்ல பழக்கம். உச்ச நிலையில் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கங்களை இயக்கும் நிரல்மொழி) முழுவதும் நிறுத்தப்படுவதால் பாதித் தளங்கள் உடைந்து தெரியும்.

டெயில்ஸுக்கு என்னென்ன வேண்டும்

டெயில்ஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஒரு முழு இயங்குதளம். 2009 முதல் வெளிவரும் அது 2024-இல் டோர் புராஜெக்டுடன் இணைந்தது. எட்வர்ட் ஸ்னோடன் 2013-இல் பத்திரிகையாளர்களோடு தொடர்புகொள்ளப் பயன்படுத்தியவற்றில் இதுவும் ஒன்று. கணினியின் ஹார்டு டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும்; எல்லா இணையப் போக்குவரத்தையும் டோர் வழியாகவே அனுப்பும்; கணினியை நிறுத்தியதும் ரேமில் இருந்ததை அழித்துவிடும்.

குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். நல்ல கம்பெனியின் பென் டிரைவை பில்லோடு வாங்குங்கள்; நடைபாதையில் மலிவாகக் கிடைப்பவற்றில் 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலிகள் உண்டு, அவற்றில் இயங்குதளம் எழுதினால் பாதியில் கெட்டுப்போகும். கணினி 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர் கொண்டதாக இருக்க வேண்டும். எம்1 முதலான ஆப்பிள் சிப் கொண்ட மேக்கிலும், எந்த போனிலும் டெயில்ஸ் இயங்காது. 2025 செப்டம்பரில் வந்த 7.0 பதிப்பிலிருந்து 3 ஜிபி ரேம் தேவை. அரசுப் பள்ளியில் படித்தவர்கள் வீட்டில் தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரணில் கிடக்கும். டெயில்ஸ் பழகுவதற்கு அது ஏற்ற கணினிதான், ஆனால் ரேம் எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2 ஜிபி மட்டுமே இருந்தால் இன்னொரு 2 ஜிபி ரேம் போட்டுத்தர முடியுமா என்று கணினி பழுதுபார்க்கும் கடையில் கேட்கலாம்.

பென் டிரைவைத் தயாரித்தல்

டெயில்ஸ் டாட் நெட் என்ற முகவரியைத் தேடுபொறியில் தேடாமல் நேரே தட்டச்சு செய்து திறந்து, அதில் விண்டோஸிலிருந்து நிறுவும் பகுதிக்குச் செல்லுங்கள். பென் டிரைவுக்கு ஒரு கோப்பும், டிவிடிக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கும் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) வேறொரு கோப்பும் தரப்படுகின்றன. உங்களுக்கு வேண்டியது பென் டிரைவுக்கான ஐஎம்ஜி கோப்பு. அளவு ஒன்றரை ஜிபிக்கு மேல் இருக்கும் என்பதால், தினசரி டேட்டா அளவு வைத்த மொபைல் திட்டத்தில் பாதியிலேயே டேட்டா தீர்ந்துவிடக்கூடும். நம்பகமான பிராட்பேண்ட் உள்ள இடத்தில் இறக்கிக்கொள்வது நல்லது.

இறக்கிய கோப்பைச் சரிபார்க்கும் படியைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். அதே பக்கத்தில் உள்ள சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தி, இறக்கிய கோப்பைக் காட்டினால், அது முழுமையாகவும் மாற்றப்படாமலும் வந்திருக்கிறதா என்று பிரவுசரே கணக்கிட்டுச் சொல்லிவிடும். ஒரு நிமிட வேலை. யாரோ ஒருவர் டெலிகிராமில் அனுப்பிய டெயில்ஸ் கோப்பையோ, கடையில் காப்பி போட்டுக் கொடுத்ததையோ இந்தச் சோதனை இல்லாமல் பயன்படுத்துவதைவிட டெயில்ஸே இல்லாமல் இருப்பது மேல்.

அடுத்து ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கித் திறங்கள். மேலே உள்ள பெட்டியில் உங்கள் பென் டிரைவ்தான் தேர்வாகியிருக்கிறதா என்று அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாப்பிள்ளை வீட்டு வீடியோ வைத்திருக்கும் வெளிப்புற ஹார்டு டிஸ்க் அதே நேரத்தில் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள், ஏனெனில் தேர்ந்தெடுத்த டிரைவில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். பிறகு ஐஎம்ஜி கோப்பைத் தேர்ந்தெடுத்து, மற்ற அமைப்புகள் எதையும் மாற்றாமல் ஸ்டார்ட் அழுத்தினால் சில நிமிடங்களில் வேலை முடியும். முடிந்த பின் விண்டோஸ் அந்த டிரைவை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும். டிரைவின் புதிய அமைப்பைப் படிக்கத் தெரியாமல் அது கேட்கும் கேள்வி அது.

கணினியை பென் டிரைவிலிருந்து தொடங்குதல்

புதியவர்கள் அதிகம் திணறுவது இந்தப் படியில்தான், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைச் செருகி, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைத் தேர்ந்தெடுத்தால் நீல நிறத் திரை ஒன்று வரும். அதில் யூஸ் எ டிவைஸ் என்பது இருந்தால் அதற்குள் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லையென்றால் கணினியை முழுவதும் நிறுத்திவிட்டு, ஆன் செய்த கணத்திலிருந்து எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்லிலும் பெரும்பாலான லெனோவாவிலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப், ஏசரில் பெரும்பாலும் எஃப்12. சில லெனோவா மடிக்கணினிகளில் பக்கவாட்டில் ஊசியால் அழுத்தும் ஒரு சிறு துளை இருக்கும்; அணைந்திருக்கும்போது அதை அழுத்தினாலும் மெனு வரும்.

அப்போதும் வரவில்லை என்றால் பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) உள்ளே போய் செக்யூர் பூட் என்ற, கையொப்பமில்லாத இயங்குதளங்களைத் தடுக்கும் வசதியை நிறுத்தச் சொல்லிச் சிலர் அறிவுரை சொல்வார்கள். டெயில்ஸ் 2020 முதலே செக்யூர் பூட்டுடன் இயங்கக்கூடியது என்பதால் பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது. தேவைப்பட்டால், விண்டோஸில் பிட்லாக்கர் (ஹார்டு டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் வசதி) இயங்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்து, அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள். இல்லையேல் அடுத்த முறை விண்டோஸ் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிறுத்திவிடும். அலுவலகம் கொடுத்த கணினியில் இதில் எதையும் செய்யாதீர்கள்.

இணைப்பும் அது விட்டுச்செல்லும் தடயமும்

தொடக்கத் திரையில் மொழியும் விசைப்பலகையும் கேட்கும். மொழியை ஆங்கிலமாகவே விட்டுவிட்டு, உள்ளே போன பிறகு அமைப்புகளில் கீபோர்டு பகுதியில் இந்திய விசைப்பலகைகளுக்குள் இருக்கும் தமிழ்99 வடிவத்தைச் சேர்த்துக்கொள்வது வசதி. ஸ்டார்ட் அழுத்தியதும் டெஸ்க்டாப் வரும், வைஃபையில் இணைந்ததும் டோர் இணைப்புச் சாளரம் திறக்கும். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் அது உலகப் பொது நேரம், குறையன்று. பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதியே தவறாக இருந்தால் டோர் இணையாமல் அடம்பிடிக்கும், அப்போது அதே சாளரத்திலேயே நேரத்தைத் திருத்தலாம். வைஃபை கருவியையே அடையாளம் காணவில்லை என்றால், போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்து பாருங்கள். ஆனால் அந்த இணைப்பு உங்கள் சிம்மின் பெயரில் பதிவாகிறது.

டோர் இணைப்புச் சாளரம் இரண்டு வழிகள் தரும்: தானாக இணைவது ஒன்று, டோரில் இணைகிறோம் என்பதையே உள்ளூர் வலையமைப்பிடமிருந்து மறைத்து பிரிட்ஜ் (பொதுப் பட்டியலில் இல்லாத டோர் சர்வர்) வழியாக இணைவது மற்றொன்று. இரண்டாவது எதற்கு என்பதை விளக்க 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது போதும். தேர்வைத் தள்ளிப்போட நினைத்த மாணவர் ஒருவர் டோர் வழியாகப் பொய்யான வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. மின்னஞ்சல் டோரிலிருந்து வந்தது என்று தெரிந்ததும், அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் என்று விசாரித்தார்கள். வைஃபையில் அவர் தம் பெயரில்தான் நுழைந்திருந்தார். அவர் செய்தது குற்றம், பிடிபட்டது நியாயம். ஆனால் நேர்மையான காரணத்துக்காக மறைந்திருக்க நினைப்பவருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

காட்பாடியில் கல்லூரி விடுதியில் பதிவு எண் போட்டு நுழையும் வைஃபை, ரயில் நிலையத்தில் மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும் இலவச வைஃபை, அறை எண்ணும் பெயரும் கேட்கும் லாட்ஜ் வைஃபை ஆகிய எல்லாமே இந்த வகைதான். இவற்றில் நுழைவதற்காக டெயில்ஸில் அன்சேஃப் பிரவுசர் என்று தனியாக ஒன்று உண்டு. அது டோர் வழியாகப் போகாது, நுழைவுப் பக்கத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தி உடனே மூட வேண்டும். டெயில்ஸ் உங்கள் வைஃபை கருவியின் மேக் முகவரியை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) தானாகவே மாற்றிக்காட்டுகிறது, ஆனால் நீங்களே பெயரும் ஓடிபியும் கொடுத்த பிறகு அதனால் பயனில்லை. நம் தொழிலாளியின் நிலையில் இருப்பவர் தொழிற்சாலை வைஃபையில் ஒருபோதும் இதைச் செய்யக்கூடாது. பிரவுசிங் சென்டரும் தீர்வாகாது: 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகள் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, அதை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன, அந்தக் கணினிகளில் பென் டிரைவிலிருந்து தொடங்க உரிமையாளர் விடமாட்டார் என்பது வேறு விஷயம். வீட்டு பிராட்பேண்டில் பிரிட்ஜ் வழியாக இணைவதே பெரும்பாலோருக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

படத்துக்குள் இருக்கும் பெயர்

இணைப்பு சரியாக அமைந்தும் மாட்டிக்கொள்பவர்கள் அனுப்பும் கோப்பால்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போனில் எடுத்த படத்துக்குள் போனின் மாடல், எடுத்த நொடி, இருப்பிட வசதி இயங்கியிருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இவற்றில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும், ஆனால் தரம் குறையக்கூடாது என்று டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். வாட்ஸ்அப் கணக்கோ உங்கள் எண்ணோடு கட்டப்பட்டது.

படத்தை கேபிள் வழியாகவோ மெமரி கார்டு வழியாகவோ டெயில்ஸுக்குக் கொண்டுவந்து, அதிலேயே இருக்கும் மெட்டாடேட்டா கிளீனர் என்ற செயலியில் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பிடிஎஃப், வேர்டு கோப்புகளிலும் எழுதியவரின் பெயர் ஒளிந்திருக்கும், அவற்றையும் அதே செயலியில் போடலாம். ஆனால் படத்தில் தெரிவதை எந்தச் செயலியும் உங்களுக்காக யோசித்து நீக்காது. எந்த ஜன்னலிலிருந்து எடுத்தால் அந்தக் கோணம் கிடைக்கும், அந்த ஷிஃப்டில் அந்த ஜன்னல் அருகே நின்றவர்கள் எத்தனை பேர் என்பதை மேற்பார்வையாளர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஈரத் தரையில் உங்கள் நிழலோ, கண்ணாடியில் உங்கள் அடையாள அட்டையின் கயிறோ விழுந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். கிம்ப் செயலியில் தேவையற்ற பகுதியை வெட்டிவிடலாம்; முகத்தையோ எண்ணையோ மறைக்க வேண்டுமென்றால் மங்கலாக்காமல் கறுப்புக் கட்டம் போட்டு நிரப்புங்கள். தாளில் அச்சிட்டு அனுப்ப நினைப்பவர்கள், கலர் லேசர் பிரிண்டர்களில் பல, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் பிரிண்டரின் வரிசை எண்ணை ஒவ்வொரு தாளிலும் பதிக்கின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும்.

எழுதும் கடிதமும் ஆளைக் காட்டும். வந்துகினு, கீது என்று பேசுவதைப் போலவே எழுதினால் ஊர் தெரியும். எப்போதும் செய்யும் எழுத்துப் பிழை, கமாவுக்குப் பதில் மூன்று புள்ளி வைக்கும் பழக்கம் ஆகியவை ஆளையே காட்டும். பத்திரிகைச் செய்தி போல, குறுகிய வாக்கியங்களில், பார்த்ததை மட்டும் எழுதுவது பாதுகாப்பானது.

அனுப்புவதற்கு டெயில்ஸில் உள்ள ஆனியன்ஷேர் உதவும். கோப்பை அதில் போட்டால், டோர் வழியாக மட்டுமே திறக்கும் ஓர் ஆனியன் முகவரி கிடைக்கும். பெறுபவர் டோர் பிரவுசரில் அதைத் திறந்து இறக்கிக்கொள்ளலாம், இடையில் எந்த நிறுவனத்தின் சர்வரும் இல்லை. பெறுபவர் இறக்கி முடிக்கும்வரை உங்கள் கணினி ஆனில் இருக்க வேண்டும். வழக்கமான ஜிமெயிலில் நுழைந்து அந்த முகவரியை அனுப்பினால் இதுவரை செய்ததெல்லாம் வீண். ஒரு வேலைக்கு ஒரு டெயில்ஸ் அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்: அநாமதேய வேலை முடிந்ததும் நிறுத்திவிட்டு, சொந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் வழக்கமான கணினிக்குத் திரும்புங்கள். அவசரமாக மூட வேண்டிய நிலை வந்தால் பென் டிரைவைப் பிடுங்கினாலே டெயில்ஸ் நின்றுவிடும்.

சேமிக்க வேண்டியவை

நிறுத்தியதும் எல்லாம் அழிந்துபோவதுதான் டெயில்ஸின் இயல்பு. ஒரு சில கோப்புகளோ கடவுச்சொற்களோ அடுத்த முறைக்கும் வேண்டுமென்றால், அதே பென் டிரைவில் பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜ் என்ற குறியாக்கம் செய்த பகுதியை உருவாக்கிக்கொள்ளலாம். அதன் பாதுகாப்பு முழுவதும் நீங்கள் வைக்கும் கடவுச்சொற்றொடரில் இருக்கிறது. பிறந்த தேதி, பிள்ளை பெயர், சினிமாப் பாட்டின் முதலடி எதுவும் ஆகாது. ஒரு தடித்த அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு முறை பிரித்து, விரல் பட்ட சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதினால் நல்ல தொடர் அமைந்துவிடும். மறந்துவிட்டால் மீட்க வழியே இல்லை. மற்ற கடவுச்சொற்களைச் சேமிக்கும் செயலி ஒன்று உள்ளேயே இருக்கிறது. உண்மையில் தேவை இல்லாதவர்கள் இந்தப் பகுதியை உருவாக்காமலே இருப்பது நல்லது. குறியாக்கத்தைத் திறக்க முடியாவிட்டாலும், அப்படி ஒரு பகுதி இருக்கிறது என்பது டிரைவை ஆராய்பவருக்குத் தெரியும்.

ஹூனிக்ஸும் க்யூப்ஸும்

இணையத்தில் இந்த இரண்டு பெயர்களும் டெயில்ஸுடன் சேர்ந்தே அடிபடும். ஹூனிக்ஸ் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களாக இயங்குகிறது: ஒன்று டோர் இணைப்பை மட்டும் கவனிக்கும், மற்றதில் நீங்கள் வேலை செய்வீர்கள், வேலை செய்யும் பகுதியில் கெட்ட நிரல் புகுந்தாலும் உண்மையான ஐபி முகவரி அதற்குத் தெரியாது. நீண்ட நாள் தொடர்ந்து ஒரே புனைபெயரில் எழுதுபவருக்கு அது ஏற்றது, ஆனால் கணினியில் தடயம் தங்கும். க்யூப்ஸ் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி விர்ச்சுவல் மெஷினில் அடைக்கும் இயங்குதளம். 16 ஜிபி ரேம் இருந்தால்தான் வசதியாக ஓடும். புதியவருக்கு இரண்டுமே அவசரமில்லை.

சட்டம்

இந்தியாவில் டோரையோ டெயில்ஸையோ பயன்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. அதே நேரத்தில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, குறியாக்கம் செய்ததைத் திறந்து காட்டுமாறு கேட்கும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட காரணங்களுக்காக அரசுக்குத் தருகிறது. மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. மோசடியும் மிரட்டலும் டோர் வழியாகச் செய்தாலும் மோசடியும் மிரட்டலுமே. நீங்களே ஆன்லைன் மோசடிக்கு ஆளாகியிருந்தால் மறைந்திருக்கத் தேவையில்லை, 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

புதுப்பித்தல்

டெயில்ஸுக்குப் பெரும்பாலும் மாதம் ஒரு புதிய பதிப்பு வரும். டோரில் இணைந்ததும் புதிய பதிப்பு இருக்கிறது என்று அதுவே சொல்லும். சொன்ன அன்றே புதுப்பியுங்கள், வேலைக்கு நடுவே அல்ல. இதைத் தள்ளிப்போடாதீர்கள், டெயில்ஸிலும் குறைகள் இருக்கக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு: சிறுமிகளை மிரட்டிவந்த ஒரு குற்றவாளியைப் பிடிக்க, டெயில்ஸின் வீடியோ பிளேயரில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தும் கருவிக்கு ஃபேஸ்புக் பணம் கொடுத்தது என்ற செய்தி 2020-இல் வெளிவந்தது. குற்றவாளியைப் பிடித்த அதே வகைக் குறை நல்லவர் கணினியிலும் இருக்கும். பதிப்பு மிகவும் பழையதாகிவிட்டால் தானாகப் புதுப்பிக்க முடியாமல் கையால் செய்ய வேண்டிவரும், அதற்கு இரண்டாவது பென் டிரைவ் தேவைப்படலாம். அந்த இரண்டாவது டிரைவை முன்கூட்டியே வாங்கி வைத்து, டெயில்ஸ் குளோனர் செயலியால் சேமிப்புப் பகுதியோடு சேர்த்து ஒரு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைத்திருங்கள். நண்பருக்குத் தயாரித்துக் கொடுப்பதற்கும் இதே குளோனர்தான். அப்போது சேமிப்புப் பகுதியையும் நகலெடுக்கும் தேர்வில் டிக் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். நண்பர் மீண்டும் ஒன்றரை ஜிபி இறக்கத் தேவையில்லை, உங்கள் கோப்புகளும் அவருக்குப் போகாது.